கட்டி சுருங்குவதும் ஆயுள் கூடுவதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரத்த ஓட்டத்தைத் தடுத்தால் மார்பகப் புற்றுநோய் பட்டினியில் செத்துவிடும் என்ற தொனியில் உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். மார்பகக் கட்டிகளைச் சன்னமாகச் சீவி, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்புக்குத் தயார் செய்யும் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான்.

கட்டுரையின் முதல் பாதி சரிதான். ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வளர, கட்டிக்குத் தனியாக ரத்தக்குழாய்கள் வேண்டும். அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் ஜூடா ஃபோக்மன் 1971-லேயே இதைச் சொன்னார். அப்போது பலர் நம்பவில்லை. ஆக்சிஜன் குறைந்ததும் புற்றுச் செல்கள் வி.இ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியைச் சுரக்கும். பக்கத்துக் குழாய்கள் அதற்கு இணங்கி, கட்டியை நோக்கிக் கிளைவிடும். ரத்தக்குழாய்ச் செல்களை அடையாளம் காட்டும் சி.டி.34 சாயம் போட்ட ஸ்லைடில் அந்தக் குழாய்கள் பழுப்பு நிறத்தில் தெரியும். கட்டியின் ஓரத்தில் நெருக்கமாக, கோணல்மாணலாக இருக்கும். சில இடங்களில் குழாயாகவே ஆகாமல் இரண்டு மூன்று செல்கள் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். பெரிய கட்டிகள் சிலவற்றில் நடுப்பகுதி செத்தே போயிருக்கும். பழுப்பு அதிகமுள்ள இடத்தைத் தேடிப் பிடித்துக் குழாய்களை எண்ணுவார்கள். ஒரே ஸ்லைடை இரண்டு பேர் எண்ணினால் இரண்டு கணக்கு வரும், அது தனிக் கதை.

கட்டுரை விட்டுவிட்ட பாதிதான் எனக்கு உறுத்துகிறது. வி.இ.ஜி.எஃப்.-ஐப் பிடித்து முடக்கும் மருந்து பெவசிசுமாப். இ2100 என்ற ஆய்வில், உடலில் பரவிவிட்ட மார்பகப் புற்றுநோய்க்கு பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்தை மட்டும் கொடுத்தபோது நோய் முற்றாமல் நின்ற காலத்தின் இடைநிலை அளவு (மீடியன்) 5.9 மாதம். பெவசிசுமாப்பையும் சேர்த்தபோது 11.8 மாதம். அதைப் பார்த்து 2008-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. விரைவு அனுமதி கொடுத்தது. ஆனால் நோயாளிகள் உயிரோடு இருந்த காலம் இரு தரப்பிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்புறம் வந்த ஆய்வுகளில் அந்த ஆறு மாத லாபமும் சுருங்கியது. ரத்தக்கொதிப்பு, ரத்தக்கசிவு, அபூர்வமாகக் குடலில் ஓட்டை என்று பக்கவிளைவுகளும் இருந்தன. 2011 நவம்பரில் மார்பகப் புற்றுநோய்க்கான அனுமதியை எஃப்.டி.ஏ. ரத்து செய்தது. ஐரோப்பாவிலோ பாக்லிடாக்சலோடு சேர்த்துக் கொடுக்க அனுமதி தொடர்ந்தது. ஆக, மருந்தை ஒரேயடியாகத் தூக்கி எறியவும் முடியாது.

ஒரு வழியை அடைத்தால் கட்டி சும்மா இருப்பதில்லை. எஃப்.ஜி.எஃப். போன்ற வேறு காரணிகளைப் பயன்படுத்தும். ஏற்கெனவே இருக்கும் குழாய்களை ஒட்டியும் வளரும். குழாய்களை அளவுக்கு மீறி அழித்தால் கீமோ மருந்தே கட்டிக்குள் சரியாகப் போய்ச் சேராது.

கட்டி எவ்வளவு நாள் அடங்கியிருந்தது என்று எழுதும்போது, ஆயுள் கூடியதா என்பதையும் அதே பத்தியில் எழுதுங்கள். பெவசிசுமாப் எடுத்துக்கொள்பவர்களுக்கு ரத்த அழுத்தத்தையும் சிறுநீரில் புரதத்தையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். நாள் குறித்துச் செய்யும் அறுவை சிகிச்சை என்றால் குறைந்தது 28 நாள் முன்பே மருந்தை நிறுத்துவார்கள், ஏனென்றால் வெட்டிய புண் ஆறவும் புதுக் குழாய்கள் வேண்டும். வேறு எதற்காகவோ அறுவை சிகிச்சைக்குப் போகிறவர் இந்த மருந்து எடுப்பதை அந்த மருத்துவரிடம் சொல்ல மறந்துவிடலாம். இதையாவது அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக ஊழியர், உங்கள் வாசகி