கையெழுத்து ஏன் போடவில்லை: எங்கள் தெரு வியாபாரிகள் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவர், செயலாளர், கடைக்கார அண்ணாச்சிகள், பாய்மார்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பிளாட்பாரத்தில் இருக்கிற குடும்பங்களை நிரந்தரமாக அப்புறப்படுத்தக் கேட்டு, போன வாரம் கடைக்குக் கடை ஒரு மனு வந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை. காரணம் கல்லாவில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

மனுவில் அவர்களை 'வெளியாட்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். என் அப்பா இந்த பேப்பர் கடையைத் திறந்தபோதே, பூ விற்கிற அக்காவின் அம்மா இதே சுவரோரம் உலை வைத்துக்கொண்டிருந்தார். அக்கா பிறந்தது ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில், அவர் மகள் பிறந்ததும் ஸ்டான்லியில்தான், பிரசவம் முடிந்து இருவரும் வந்து சேர்ந்தது இந்தத் தெருவுக்கு. நாம்தான் காலையில் வந்து, ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு மாதவரம், கொளத்தூர் என்று கிளம்பிவிடுகிறோம். விடியற்காலை வருகிற லோடை இறக்குவது யார், மீன்பாடி வண்டியில் ஏற்றி பாரிமுனைக்குக் கொண்டுபோவது யார், நம் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துக் கட்டுவது யார்? வீடில்லாதவர் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க விலாசச் சான்று கேட்பதில்லை. அவர் சொன்ன இடத்தில்தான் தூங்குகிறாரா என்று அலுவலர் ராத்திரியில் நேரில் வந்து பார்க்க வேண்டும், அதுதான் தேர்தல் ஆணைய விதி. பிளாட்பாரத்தை விலாசம் என்று அவர்கள் ஏற்றுக்கொள்ளும்போது நமக்கு என்ன தயக்கம்?

என் கடையின் மேல் தட்டில், ஏ4 கட்டுகளுக்குப் பின்னால் ஒரு நீல பிளாஸ்டிக் பை இருக்கிறது. ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் பாஸ்புக், மகளின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட். எல்லாம் அக்காவுடையது. சில வருஷம் முன்னால் ஒரு காலையில் பிளாட்பாரத்தைக் காலி செய்ய லாரி வந்து தார்ப்பாய், பாத்திரம், துணிமூட்டை, பிள்ளையின் புத்தகப்பை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது, பரீட்சைக்கு மூன்று நாள்தான் இருந்தது. அன்றைக்கு சாயந்திரம் அக்கா வந்து இந்தப் பையை என்னிடம் கொடுத்தார். சாமான் போனால் வாங்கிக்கொள்ளலாம், இது போனால் நான் யாருன்னே சொல்ல முடியாது தம்பி என்றார்.

வீடில்லாதவர்களுக்குக் காப்பகம் இருக்கிறதே, அங்கே போகலாமே என்று மனுவில் ஒரு வரி. உண்மைதான், நகரத்தில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம், வருஷம் முழுக்க 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2010-லேயே சொல்லியிருக்கிறது. ஆனால் நம் ஊரில் பெரும்பாலான காப்பகங்கள் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. புருஷன், பெண்டாட்டி, பன்னிரண்டு வயசுப் பையன், வயசான மாமியார் என்றிருக்கிற குடும்பம் அங்கே போனால் இரண்டாக உடையும். தனியாக வந்து தங்குகிற பெரியவருக்கு அது ஒரு கொடை, இவர்களுக்கு அப்படி இல்லை. சரி, பெரும்பாக்கத்தில் அரசு கொடுக்கிற மறுகுடியமர்வு வீடு? இங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர். விடியற்காலைப் பூவையும் லோடையும் நம்பிப் பிழைக்கிறவர் அங்கிருந்து எத்தனை மணிக்குப் புறப்படுவார்? 1985-ல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் கோர்ட் இதைத்தான் சொன்னது: அகற்றும் அதிகாரம் இருக்கிறது, ஆனால் பிழைப்பு இருக்கிற இடத்தில்தான் இவர்கள் இருக்கிறார்கள், பிழைப்பைப் பறித்தால் உயிரைப் பறித்த மாதிரி.

நாற்றம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நான் மறுக்கவில்லை, காலையில் ஷட்டர் திறக்கும்போது எனக்கும் வயிற்றைப் புரட்டுகிறது. ஆனால் தெருமுனைக் கழிப்பிடம் ராத்திரி பத்து மணிக்குப் பூட்டினால் காலை ஆறுக்குத்தான் திறக்கிறது. நடுவில் எட்டு மணி நேரம். ஆம்பளைகள் சுவரைத் தேடிப் போகிறார்கள். பெண்கள் சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லை, சித்திரை வெயிலிலும் அப்படித்தான். எத்தனை பேருக்கு நீர்க்கடுப்பு என்று மூலையில் இருக்கிற மெடிக்கல்காரரைக் கேட்டுப் பாருங்கள். குளிப்பது விடியும் முன்னால், இரண்டு பக்கமும் சேலையைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தர் காவல் நிற்க. அமாவாசைக்கு அமாவாசை நாம் எல்லோரும் ஒரே நாளில் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கிறோமே, அதைப் பற்றி அக்காவிடம் ஒருநாள் பேசினேன். "சோறு நாங்க ஆக்கிக்கிறோம் தம்பி, ராத்திரில அந்தக் கதவைத் தொறந்து வுடச் சொல்லு, அது போதும்" என்றார்.

அப்புறம், டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கிற பெரியவர். அவர் மேல் தண்ணீர் ஊற்றி விரட்டுவதைத் தயவு செய்து நிறுத்துங்கள், எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. 2017 மனநலச் சட்டப்படி அப்படி அலைகிறவரைப் போலீஸ் பாதுகாப்பில் எடுத்து, லாக்கப்பில் வைக்காமல், 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை நமக்குப் பக்கம்தான். ஸ்டேஷனுக்குப் போக நான் தயார், கூட ஒருத்தர் வந்தால் நல்லது.

மனுவைக் கிழிக்கச் சொல்லவில்லை, மாற்றி எழுதுவோம் என்கிறேன். கழிப்பிடம் ராத்திரியும் திறந்திருக்கட்டும், பெண்களுக்குக் குளிக்க ஒரு மறைவிடம் வேண்டும், முன்கூட்டிச் சொல்லாமல் யார் சாமானையும் யாரும் தொடக்கூடாது, வீடு கொடுத்தால் வடசென்னைக்குள் கொடுக்கட்டும். இதற்கு முதல் கையெழுத்து என்னுடையது. செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்கு அக்காவையும் லோடு ஏற்றுகிற தம்பி ஒருவரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். சாயந்திரம் ஆறு மணி பூ வியாபார நேரம், அதனால் கூட்டத்தை ஒன்பது மணிக்கு வைத்துக்கொள்ள முடியுமா என்று மட்டும் சொல்லுங்கள்.