பதினோரு மணிக்குப் பத்து நிமிஷம் தந்தவர்களுக்கு

மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர் நெல் கொள்முதல் நிலையத்தில் என்னோடு மூட்டை தூக்கும் அண்ணன் தம்பிகளுக்கும், எனக்குத் துணை நின்ற மற்ற எல்லோருக்கும் வணக்கம்.

நேரில் சொன்னால் "போய்யா, இதுக்கெல்லாமா நன்றி" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால் மகளை உட்கார வைத்து, நான் சொல்லச் சொல்ல இதை எழுத வைக்கிறேன்.

எனக்குச் சுகர் வந்து ஏழு வருஷம் ஆகிறது. முதல் மூன்று வருஷம் வேலையிடத்தில் ஒருவரிடமும் சொல்லவில்லை. அதற்கு முன் நான் இருந்த அரிசி ஆலையில், ஒருவருக்குச் சுகர் என்று தெரிந்ததும் "நாளையிலேருந்து வர வேணாம்" என்று அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். 40 கிலோ சிப்பத்தைத் தோளில் வைத்துப் பலகையில் ஏறுகிறவன், உடம்பில் நோய் என்று எப்படி வாயைத் திறப்பான்? காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பல நாள் வெறும் வயிற்றோடு வந்துவிடுவேன். மூட்டை போடும் விவசாயிகள் அன்போடு வாங்கித் தரும் டீயையும் மறுக்க மாட்டேன். ஒரு நாளைக்கு ஆறு, ஏழு. எல்லாம் சீனி போட்டது.

நாலு வருஷத்துக்கு முன் சம்பா அறுவடையில், மாசி மாதம் ஒரு நாள், லாரி விடியற்காலையிலேயே வந்துவிட்டது. சாப்பிடாமல் ஏற்ற ஆரம்பித்தோம். பத்து மணிக்கு மேல் கை நடுங்கியது. உடம்பெல்லாம் வியர்வை. மூட்டை தூக்குகிறவனுக்கு வியர்த்தால் யாருக்குத்தான் வித்தியாசமாகத் தெரியும்? தம்பி ஒருவனைக் காரணமே இல்லாமல் திட்டினேன். அதுவும் சுகர் இறங்குவதன் அறிகுறிதானாம். தம்பி, அன்றைக்கு உன்னைச் சொன்ன சொல்லுக்கு மன்னித்துக்கொள்.

லாரி டிரைவர்தான் கண்டுபிடித்தார். என் கையைத் தொட்டுப் பார்த்து, "அண்ணே, சில்லுன்னு இருக்கே, சுகர் இருக்கா?" என்றார். தலையை ஆட்டினேன். வெளியாள் ஒருவரிடம் நான் ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. அவர் டீக்கடைக்கு ஓடி, மூன்று ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொண்டுவந்து குடிக்க வைத்தார். கால் மணி நேரத்தில் கண் தெளிந்தது.

சாப்பிட வைத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஐந்து பேர் கூலியை விட்டுவிட்டு என்னோடு வந்தீர்கள். அங்கே விரலில் குத்திச் சுகர் பார்த்ததில் 84. 70க்குக் கீழே போனால் ஆபத்தாம். "இவ்வளவும் சாப்பிட்ட பிறகே 84ன்னா, அப்ப 70க்கு எவ்வளவு கீழ போயிருக்கும்?" என்று சிஸ்டர் கேட்டார். நான் போடுகிற இரண்டு மாத்திரையில் மெட்ஃபார்மின் தனியாக அப்படித் தள்ளிவிடாது, கிளிமிப்ரைடு போட்டுச் சாப்பிடாமல் பாரம் தூக்கினால் தள்ளிவிடும் என்று நிதானமாக விளக்கினார். இப்படி உழைத்த நாளில் ராத்திரி தூக்கத்தில்கூட இறங்கலாம் என்றும் சொன்னார். உங்களைப் பார்த்து அவர் சொன்னது இன்னும் முக்கியம்: நினைவு இருந்தால் சீனித் தண்ணீர் கொடுங்கள், மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். சிஸ்டர், உங்களுக்கு என் குடும்பமே கடமைப்பட்டிருக்கிறது.

மறுநாள் வேலை போய்விடும் என்று பயந்துகொண்டுதான் வந்தேன். மேஸ்திரி அண்ணன் சொன்னது ஒரே வார்த்தை: "பதினோரு மணிக்கு நீ உக்காந்து சாப்பிடுற, பத்து நிமிஷம்." நமக்குக் கூலி மூட்டைக் கணக்கு. ஒருவன் உட்கார்ந்தால் எல்லோருக்கும் குறையும். இருந்தும் இந்த நாலு வருஷத்தில் என் பங்கில் ஒரு ரூபாய் பிடித்ததில்லை. பில் கிளார்க் சார், லாரி நிற்கும்போதும் அந்தப் பத்து நிமிஷத்துக்கு நீங்கள் அவசரப்படுத்தியதில்லை.

செருப்பு விஷயத்தையும் சொல்ல வேண்டும். போன வருஷம் கோணி ஊசி என் உள்ளங்காலில் ஏறியிருந்தது. எனக்கு வலிக்கவே இல்லை. ராத்திரி மகள்தான் ரத்தத்தைப் பார்த்தாள். சிஸ்டர் கண்ணை மூடச் சொல்லி நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டுப் பார்த்தார். சுகரால் பாதம் மரத்துப்போய், பல இடத்தில் எனக்குத் தெரியவில்லை. இனி வெறுங்காலோடு நடக்கவே கூடாது என்றார். ஆனால் நெல் லட்சுமி. பிறந்ததிலிருந்து நெல்லில் செருப்புக் காலோடு நான் ஏறியதில்லை, நம்மில் யாரும் ஏறியதில்லை. நீங்கள் பணம் போட்டு, பின்வார் வைத்த எம்.சி.ஆர். செருப்பு (மெத்தென்ற ரப்பர் அடி வைத்தது) வாங்கித் தந்தும் நான் களத்து ஓரத்திலேயே நின்றேன். அப்போது குவியலுக்குச் சொந்தக்காரரான பெரியவர், "நெல்லு கோவிச்சுக்காது தம்பி, ஏறு" என்றார். ஐயா, அந்தச் சொல்லை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அதற்குப் பிறகும் செருப்போடு ஏற எனக்கு மனசு கேட்கவில்லை. அதனால் நான் குவியல் பக்கம் போக வேண்டாம் என்று, மூட்டை வாய் தைக்கிற வேலையை நீங்கள் எனக்கே விட்டுவிட்டீர்கள்.

டீக்கடை அக்கா, கேட்காமலேயே எனக்குச் சீனி இல்லாத டீ தருகிறீர்கள், எனக்காக ஒரு தட்டு சுண்டலும் எடுத்து வைக்கிறீர்கள். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் தங்கச்சி, அறுவடைக் காலத்தில் நான் வீட்டில் இருக்க மாட்டேன் என்று களத்துக்கே வந்து தந்துவிட்டுப் போகிறாய். சோற்றை விடச் சொல்லாமல், அளவைக் குறைத்துக் கீரையையும் முட்டையையும் கூட்டிய என் வீட்டுக்காரிக்கும் நன்றி. சுகரின் மூன்று மாதச் சராசரி காட்டும் பரிசோதனையில் 10.2 இருந்தது இப்போது 7.4.

நன்றி சொல்ல முடியாமல் பாக்கி இருப்பவர் அந்த லாரி டிரைவர் ஒருவர்தான். பெயர்கூடக் கேட்கவில்லை. எனக்குக் கொடுத்த பிறகு தன் சட்டைப் பையிலிருந்து இரண்டு கடலைமிட்டாய் எடுத்துக் காட்டி, "சுகர்ல நானும் உங்க ஆளுதான், இது இல்லாம வண்டி எடுக்க மாட்டேன்" என்று சிரித்தார். நீடாமங்கலத்துக்கு நெல் ஏற்றிப் போனவர், அப்புறம் இந்தப் பக்கம் வரவில்லை. லாரி ஓட்டுகிற யாராவது இதைப் படித்தால், அவரைத் தெரிந்தால், அந்த ஆள் நல்லா இருக்கான், இன்னும் வேலைக்குப் போறான், அவன் சட்டைப் பையிலும் இப்போ கடலைமிட்டாய் இருக்குதுன்னு சொல்லுங்கள்.