கரண்டி பிடிக்கத் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள்

விளம்பரப் படம் எடுக்கும் இயக்குநர்களுக்கும், அவற்றுக்குக் கதை எழுதித் தரும் ஏஜென்சிக்காரர்களுக்கும் வணக்கம்.

நான் திருச்சிப் பக்கம் வீடு கட்டும் வேலை எடுத்துச் செய்பவன். கேமரா, லைட்டிங் பற்றியெல்லாம் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் சிமெண்ட், கம்பி, பெயிண்ட், பைப், பிளைவுட், டைல்ஸ் என்று நீங்கள் எடுக்கும் விளம்பரங்களில் வருகிறவர்கள் எங்கள் ஆட்கள். ராத்திரி சீரியலுக்கு நடுவே அவர்களைப் பார்க்கிறேன். என் கண் முதலில் போவது அவர்களுடைய கைக்குத்தான். அந்தக் கை பெரும்பாலும் தப்பாகவே இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

அண்மையில் பார்த்த ஒரு சிமெண்ட் விளம்பரத்தை எடுத்துக்கொள்கிறேன். பெயர் வேண்டாம், ஆளை மாற்றினால் மற்றதும் அப்படித்தான். கொத்தனாராக வருபவர் கரண்டியை ஐந்து விரலாலும் இறுக்கிப் பிடித்திருக்கிறார். துளியூண்டு கலவையை எடுத்து, காய்ந்த செங்கல் மேல் வைத்துத் தடவுகிறார், தடவுகிறார், தடவிக்கொண்டே கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். பின்னால் இடுப்பு உயரத்துக்குச் சுவர் நிற்கிறது. நூல் எங்கே? நூல் பிடிக்காமல் இந்தச் சுவர் எப்படி எழும்பியது? சுவர் செங்குத்தா என்று பார்க்கும் தூக்குக்குண்டு எங்கே? மட்டம் பார்க்கும் ரசமட்டம் எங்கே? செங்கல்லில் சூளையின் பெயர் அச்சடித்த பள்ளம் மேல் பக்கமாக இருக்க வேண்டும், அதில் கலவை இறங்கிப் பிடிக்கும். இவர் கையில் அது கேமராவைப் பார்த்து இருக்கிறது.

நல்ல கொத்தனார் ஒருவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? கரண்டிப் பிடியின் மேல் கட்டைவிரல் நீளவாக்கில் படுத்திருக்கும். சட்டியிலிருந்து ஒரு அள்ளு. மணிக்கட்டை லேசாகத் திருப்பியபடி கையைப் பின்னால் இழுப்பார், கலவை ஒரே கனத்தில் வரியாக விழும். கரண்டி முனையால் நடுவே ஒரு கீறல். முன்னாடியே தண்ணீரில் ஊறிய செங்கல்லை வைத்து, நூலை ஒட்டி நகர்த்தி, கரண்டிப் பிடியின் அடிமுனையால் இரண்டு தட்டு தட்டுவார். பிதுங்கி வந்த கலவையைக் கரண்டி ஓரத்தால் ஒரே இழுப்பில் வழித்து அடுத்த செங்கல்லின் பக்கத்தில் அப்பிவிடுவார். ஒரு சொட்டு கீழே விழாது. எல்லாம் சில விநாடிகள்தான். நீங்கள் ஸ்லோ மோஷனில் எடுக்க வேண்டிய காட்சி இது. இதை விட்டுவிட்டு, மாடலின் தோளில் எண்ணெய் தடவி வியர்வை மாதிரி மின்ன வைக்கிறீர்கள்.

முப்பது விநாடி விளம்பரம், நேரம் இல்லை என்பீர்கள். சரி. கான்கிரீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் தண்ணீர் காட்ட வேண்டும், இப்போது பரவலாக வாங்கும் நிலக்கரிச் சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமெண்ட் என்றால் பத்து நாள். அந்தப் பத்து நாளையும் காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. பைப் மேல் யானை நிற்கட்டும், கதவைப் பயில்வான் உடைக்க முடியாமல் திணறட்டும். அது பொருளைப் பற்றிய மிகைப்படுத்தல், பார்க்கிற எல்லாருக்கும் அது தெரியும், நானும் சிரிக்கிறேன். ஆனால் கரண்டியைச் சரியாகப் பிடிக்க எத்தனை விநாடி கூடுதலாக ஆகும்? ஒன்றும் ஆகாது. காபி விளம்பரத்தில் ஒருவர் மிருதங்கத்தைக் குச்சியால் அடித்தால் மறுநாளே எத்தனை பேர் உங்களைக் கிழித்துத் தொங்க விடுவார்கள்? அதனால் அங்கே வித்வான் ஒருவரைக் கேட்டுவிட்டுத்தான் எடுப்பீர்கள். கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் கேட்க ஆள் இல்லை என்ற தைரியம்தான் இங்கே.

பெயிண்ட் விளம்பரங்களுக்கு வருவோம். இதில் எனக்குப் பணமும் போகிறது.

உங்கள் ரோலர் சுவரில் ஒரே ஒரு தடவை ஏறும். ஏறிய இடமெல்லாம் நிறம் முழுதாக அப்பியிருக்கும். வெள்ளைச் சட்டை போட்ட கணவன், பட்டுப் பாவாடைப் பெண் குழந்தை, எல்லாரும் ஆளுக்கொரு ரோலர். தரையில் ஒரு பழைய பேப்பர்கூட விரிக்கவில்லை. சுவிட்ச் பாக்ஸைச் சுற்றி டேப் இல்லை. மூலைகளை முதலில் பிரஷ்ஷால் கட்டிவிட்டுத்தான் ரோலர் எடுக்க வேண்டும் என்பது யாருக்கும் தெரியாது. ரோலரில் பெயிண்ட் நிரம்பி வழிகிறது, ஆனால் தட்டில் உருட்டி வழித்த பாடில்லை. நிஜத்தில் அப்படி எடுத்தால் முழங்கை வரை ஒழுகும்.

இதைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் என்னிடம் வருகிறார். "என்ன மேஸ்திரி, மூணு ரூமுக்குப் பத்து நாள்ங்கிறீங்க? டிவில ஒரு பாட்டு முடியறதுக்குள்ள அடிச்சுடறாங்களே?" சிரித்துக்கொண்டுதான் கேட்பார். ஆனால் கூலி பேசும்போது அந்தச் சிரிப்பு கணக்கில் வந்துவிடும். பழைய சுவரைச் சுரண்ட வேண்டும், பட்டி இரண்டு கை பார்க்க வேண்டும், உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும், தூசி தட்டி பிரைமர் அடிக்க வேண்டும், ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவே காய விட வேண்டும். புதுப் பூச்சு என்றால் ஈரம் போக ஒரு மாதம்கூட விட வேண்டியிருக்கும். பெயிண்டரின் உழைப்பில் பெரும்பகுதி நிறம் சுவரைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அந்தப் பகுதி உங்கள் படத்தில் கிடையவே கிடையாது. அதனால் வீட்டுக்காரருக்கு அது வேலையாகவே தெரிவதில்லை. உப்புத்தாள் தேய்க்கிற பையன் தலை முதல் கால் வரை வெள்ளையாகி நிற்பான். அவனை ஒரு ஷாட், ஒரே ஒரு ஷாட் காட்டுங்கள். பெயிண்ட் விற்பனை குறையாது.

இதுவரை சொன்னது எல்லாம் எரிச்சல். இனிச் சொல்வது வேறு.

உங்களுக்குப் பொறி பறப்பது ரொம்பப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். வேலை நடக்கிறது என்று காட்ட வேண்டுமானால் உடனே இரும்பு வெட்டும் ஒரு கிரைண்டர், உடனே தீப்பொறி மழை. வெட்டத் தேவையில்லாத ஒரு இரும்பில் கிரைண்டரைச் சும்மா தேய்ப்பார்கள். தேய்ப்பவர் கண்ணில் கண்ணாடி இருக்காது, இருந்தால் முகம் தெரியாதே. சட்டைப் பொத்தான் திறந்து காற்றில் பறக்கும். டிஸ்க்கை மூடியிருக்க வேண்டிய கார்டைக் கழற்றி வைத்திருப்பார்கள், பொறி நன்றாகத் தெரியட்டும் என்று. கடையில் கிடைக்கும் நாலு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். கணக்குப் போட்டால் டிஸ்க்கின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. மெல்லிய கட்டிங் வீல் கொஞ்சம் கோணினாலே உடையும். உடைந்த துண்டு அந்த வேகத்தில்தான் முகத்துக்கு வரும். அதைத் தடுக்க இருப்பது அந்த ஒரு தகடுதான்.

வெல்டிங்கும் அப்படியே. நாயகன் கறுப்பு ஷீல்டை ஸ்டைலாக நெற்றிக்கு மேல் தள்ளிவிட்டுச் சிரிக்கிறான், பின்னால் இன்னொருவன் வெல்டிங் அடித்துக்கொண்டிருக்கிறான். அந்த வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்த்தவனுக்கு அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, நடு ராத்திரியில், கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டது போல எரியும், தண்ணீராகக் கொட்டும், கண்ணைத் திறக்க முடியாது. அடித்தவனுக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவனுக்கும்.

எங்கள் சைட்டுக்குப் புதிதாக வந்த ஒரு பையன் முதல் வேலையாகக் கிரைண்டரின் கார்டைக் கழற்றினான். ஏன்டா என்றால், "இருந்தா வெட்டுற இடம் தெரியல அண்ணே" என்றான். இதற்கு உங்கள் விளம்பரம்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். அவனுக்கு முறையாகச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை, அவன் முன்பு வேலை பார்த்த இடத்தில் யாரும் கார்டு மாட்டியதில்லை, எங்கள் தொழிலே அந்த லட்சணத்தில்தான் இருக்கிறது. ஆனால் நான் அவனைத் திட்டி மாட்ட வைக்கும்போது, பெரிய ஸ்டார் ஒருவர் அதே கிரைண்டரைக் கார்டு இல்லாமல் பிடித்துக்கொண்டு டிவியில் நிற்பது எனக்கு உதவியாக இல்லை. டைல்ஸை, கிரானைட்டைத் தண்ணீர் விடாமல் வெட்டுவதும் அப்படித்தான். அந்தத் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கினால் அந்த நோய்க்கு மருந்து கிடையாது. உங்கள் படத்தில் அந்தத் தூசி அழகாக வெயிலில் மிதக்கிறது.

ஈர சிமெண்ட் கலவையை வெறும் கையால் அள்ளி நாயகன் மண்ணின் மைந்தன் மாதிரி பேசுவதையும் நிறுத்தலாம். சிமெண்ட் ஒரு கடுமையான காரம், நாள் முழுக்கப் பட்டால் தோல் வெந்து புண்ணாகும். எங்கள் சித்தாள் பெண்களின் விரல் நுனியைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

பைக் விளம்பரத்தில் வண்டி ஒரு சக்கரத்தில் நின்றால் கீழே, பயிற்சி பெற்றவர்கள் செய்தது, முயற்சிக்க வேண்டாம் என்று பொடி எழுத்து ஓடுகிறது. பைக்கில் ஒற்றைச் சக்கரத்தில் போவது ஆபத்து என்று எவனுக்கும் தெரியும். கிரைண்டருக்கு அந்தப் பொடி எழுத்துகூடக் கிடையாது.

விதி இல்லாமல் இல்லை. 1985-இல் தொடங்கி மும்பையில் இயங்கும் இந்திய விளம்பரத் தரக் கவுன்சில், நீங்கள் எல்லாம் சுருக்கமாக ஆஸ்கி என்பது, உங்கள் துறைக்காரர்களே சேர்ந்து வைத்துக்கொண்ட அமைப்புதான். அதன் நெறிமுறையில், தகுந்த காரணமின்றி ஆபத்தான செயல்களை விளம்பரத்தில் காட்டக் கூடாது, பாதுகாப்பை அலட்சியப்படுத்தக் கூடாது, கவனக்குறைவை ஊக்குவிக்கக் கூடாது என்று இருக்கிறது. அந்த நெறிமுறையை மீறும் விளம்பரத்தை ஒளிபரப்பக் கூடாது என்று கேபிள் தொலைக்காட்சி விதிகளிலும் இருக்கிறது. கார், பைக் பற்றி அந்த கவுன்சில் தனியாகவே வழிகாட்டுதல் வைத்திருக்கிறது. அவர்களுக்கும் இந்த மடலின் நகலை அனுப்புகிறேன்: கிரைண்டர், வெல்டிங், ஏணி ஆகியவற்றையும் அந்தக் கணக்கில் சேருங்கள். ஏணியின் உச்சிப் படியில் ஒற்றைக் காலில் நின்று பல்பு மாட்டும் அப்பாக்களை இனியும் பார்க்க முடியாது.

டெலிஷாப்பிங்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. விடியற்காலையில் வரும் அந்த நிகழ்ச்சியில் கறுப்பு வெள்ளையில் ஒருவர் சாதாரணத் திருப்புளியோடு போராடுவார். ஸ்க்ரூவின் தலை ஒரு தினுசு, திருப்புளியின் முனை வேறு தினுசு, பிடிப்பதும் சாய்வாக. நழுவும், கையில் குத்தும், நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். உடனே படம் கலராகும், புது மெஷின் வரும். உண்மையைச் சொன்னால் இவர்கள் மேல் எனக்குக் கோபம் குறைவு. எப்படிப் பிடித்தால் தப்பு என்று தெரிந்துகொண்டு தப்பாகப் பிடிக்க வைக்கிறார்கள். அதற்காவது ஒருவர் யோசித்திருக்கிறார்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. இட்லியைப் பஞ்சு மாதிரி காட்ட ஃபுட் ஸ்டைலிஸ்ட் வைக்கிறீர்கள். சண்டைக்கு மாஸ்டர், ஆட்டத்துக்கு மாஸ்டர். கருவி வரும் படப்பிடிப்புக்கு, அந்தக் கருவியைப் பிடித்துப் பிழைக்கும் ஒருவரை ஒரு நாள் சம்பளம் கொடுத்துக் கூப்பிடுங்கள். கொத்து வேலை என்றால் கொத்தனார், மரம் என்றால் ஆசாரி, இரும்பு என்றால் வெல்டர். கூட்டத்தில் நிற்க வைக்க இல்லை. மானிட்டருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். கை தப்பாக இருந்தால், கண்ணாடி போடவில்லை என்றால், இன்னொரு டேக் கேட்கும் உரிமை அவருக்கு இருக்கட்டும். அந்தக் கையை குளோசப்பில் காட்ட வேண்டிய இடத்தில் மாடலின் கைக்குப் பதில் அவருடைய கையையே எடுத்துவிடலாம், உங்களுக்கும் நேரம் மிச்சம். ஐந்து நட்சத்திர ஹோட்டலில் யூனிட் சாப்பிடும் ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுகூட இதற்கு ஆகாது.

சென்னையில் படப்பிடிப்பு என்றால் ஆள் தேடி அலைய வேண்டாம். காலை ஏழு மணிக்கு எந்த ஏரியாவிலும் மெயின் ரோடு முக்கில் கரண்டியும் மட்டப்பலகையும் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குக் காத்து நிற்பார்கள். கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். பதினோரு மணிக்கு டீயும் வடையும் அவசியம்.

இப்படிக்கு,
ஒரு கட்டட மேஸ்திரி,
திருச்சி