சாட்ஸ்வர்த்திலிருந்து நெட்டையனுக்கு

அன்புள்ள நெட்டையா,

உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடாமல் இருந்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் சுகம். தங்கச்சிக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. காவடிக்கு நீ வராததால் உன் பங்குப் புளியோதரையையும் பெரிய மாமாவே ஒரு கை பார்த்துவிட்டார். ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவுக்குப் போனவனுக்கு டர்பன் ஞாபகம் எங்கே வரப்போகிறது!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பறக்கும் தட்டு எல்லாம் வேற்றுக்கிரகத்துக் கப்பல்தான் என்று நீ அடித்துச் சொல்லியிருந்தாய். அதிலிருந்து எனக்கு அதே நினைப்பு. அமெரிக்காவின் சிஐஏ, தன் யூ-2 உளவு விமானத்தைப் பற்றி எழுதிவைத்த வரலாறு இப்போது வெளியே கிடைக்கிறது. உட்கார்ந்து படித்தேன்.

1955 ஆகஸ்டில் நெவாடா பாலைவனத்தில், ஏரியா 51 என்கிறார்களே அந்த ரகசியத் தளம், அங்கே அந்த விமானத்தை முதலில் பறக்கவிட்டார்கள். அன்றைக்குப் பயணிகள் விமானம் 10,000, 20,000 அடியில்தான் போகும். இது 60,000 அடிக்கும் மேலே. இப்போது சாயங்காலத்தை நினைத்துப் பார். கீழே போகிற விமானிக்குச் சூரியன் மறைந்துவிட்டது, சுற்றிலும் இருட்டு. ஆனால் அத்தனை உயரத்தில் வெயில் இன்னும் இருக்கிறது. வெள்ளி நிற இறக்கையில் அது பட்டுத் தெறிக்கிறது. தலைக்கு வெகு மேலே ஒரு நெருப்புத் துண்டு மிதக்கிறது! அந்த உயரத்தில் மனிதன் பறக்க முடியும் என்றே தெரியாதவன் வேறு என்ன நினைப்பான்?

பார்த்தவர்கள் விமானப்படைக்கு எழுதினார்கள். பறக்கும் தட்டுப் புகார்களை விசாரிக்க விமானப்படை வைத்திருந்த புளூ புக் அலுவலகம் யூ-2 பறந்த நேரங்களோடு ஒத்துப் பார்த்து, இது நம்முடையதுதான் என்று கண்டுகொண்டது. ஆனால் வெளியே சொல்ல முடியாது. பனித்துகள், காற்றின் வெப்ப மாற்றம் என்று ஏதோ பதில் எழுதி அனுப்பிவிட்டார்கள். கண்ணால் கண்டவனை அறியாதவன் ஆக்கினார்கள். அதுதான்டா எனக்கு ஆறவில்லை.

1950களின் பிற்பகுதியிலிருந்து 60கள் வரை வந்த புகார்களில் பாதிக்கு மேல் தங்கள் விமானங்கள்தான் என்கிறது சிஐஏ. அதை நான் அப்படியே விழுங்கவில்லை. 1952இல் மட்டும் 1,501 புகார் வந்திருக்கிறது, அப்போது யூ-2 பிறக்கவே இல்லை. அன்றைக்குப் பொய் சொன்னவர்களே இன்றைக்குக் கணக்கும் சொல்கிறார்கள். ஆனாலும் அந்த ஒளிகளில் கணிசமானவை ராணுவ ரகசியம்தான், எனக்குச் சந்தேகமில்லை. 1947இல் அமெரிக்காவின் ரோஸ்வெல்லில் விழுந்து, பறக்கும் தட்டு என்று பேசப்பட்டதும் சோவியத் அணுகுண்டுச் சத்தத்தை ஒட்டுக்கேட்க விட்ட பலூன் என்று 1994இல்தான் விமானப்படை சொன்னது.

நமக்கு இதெல்லாம் புதிதா? 1977இல் நம் கலஹாரிப் பாலைவனத்தில் அணுகுண்டு சோதனைக்கு ஏற்பாடு நடந்ததை சோவியத் செயற்கைக்கோள் கண்டுபிடித்தது. நம் தென்னாப்பிரிக்க அரசு இல்லவே இல்லை என்றது. 1979 செப்டம்பர் 22 அன்று தெற்கே கடல்மேல், அணுகுண்டு வெடித்தால் தெரிவதுபோல இரட்டை ஒளி வெடித்ததை அமெரிக்காவின் வேலா செயற்கைக்கோள் பதிவு செய்தது. அதற்கு இன்றுவரை எந்த அரசும் பொறுப்பேற்கவில்லை. 1993 மார்ச்சில் அதிபர் டி கிளர்க் பாராளுமன்றத்தில் எழுந்து, ஆறு அணுகுண்டு செய்து வைத்திருந்தோம், கழற்றிவிட்டோம் என்றார். ஆறு! நாம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது!

உங்கப்பா டர்பன் பிளஃப் கடற்கரையில் கரைவலை இழுத்த காலத்தில், விடியற்காலை கடல்மேல் ஒரு வெளிச்சம் ஓசையில்லாமல் போனதைப் பார்த்தாரே. படகு கழுவிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். குடித்திருப்பான் என்றுகூடச் சொன்னார்கள். சொட்டு சாராயம் தொடாத மனுஷன்! அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அது எவருடைய விமானமோ, எரிகல்லோ, எதுவாக இருந்தாலும் அவர் கண்டது கண்டதுதான்.

உன் பேரன் கேட்டானாமே, கொள்ளுத்தாத்தா பொய் சொன்னாரா என்று. இல்லை என்று சொல். பார்த்தவர் உள்ளதைத்தான் சொன்னார், மறைக்க வேண்டியதை வைத்திருந்தவர்கள் வேறு ஆட்கள் என்று சொல். வேற்றுக்கிரகம் என்று கதை கட்டி அவனையும் உன் கட்சியில் சேர்க்காதே. நீ சேர்ப்பாய், எனக்குத் தெரியும்.

புரட்டாசி முடிந்ததும் இரண்டு நாள் வந்து தங்கு. அந்த வரலாற்றைப் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். எதிர்த்துப் பேசுவதானால் முழுக்கப் படித்துவிட்டுப் பேசு.

அன்புடன்,
உன் குட்டையன்