6 கிலோமீட்டர் என்று சொன்னாயே, அதைப் பற்றி

கோவை
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

"லிட்டருக்கு 6 கிலோமீட்டர்கூடத் தருவதில்லை அப்பா, விற்றுவிடலாமா?" என்று நேற்று போனில் கேட்டாய். வண்டியை உன் பெயருக்கு மாற்றிக் கொடுத்தபோதே விற்கும் உரிமையும் உன்னுடையதாகிவிட்டது. அதில் நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் 6 என்பது அந்த வண்டியின் இயல்பு இல்லை, கண்ணு. அதற்கு ஏதோ உடம்பு சரியில்லை. என்னவென்று பார்க்காமல் கொடுத்துவிடாதே.

நம்முடையது 1996-ல் பூனாவில் தயாரான பென்ஸ் இ220. சுமார் 1,400 கிலோ எடை, 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர். சென்னை நெரிசலில் 7 கொடுத்தால் குறை சொல்ல முடியாது. உன்னைக் கொண்டுவந்து விட்ட அன்று சேலம், உளுந்தூர்பேட்டை வழியாக 80, 90 வேகத்தில்தான் வந்தேன், 11 கிடைத்தது. டாஷ்போர்டு பெட்டியில் இருக்கும் நீல நோட்டைப் பார். 2004-ல் வாங்கியதிலிருந்து பெட்ரோல் போட்ட ஒவ்வொரு முறையும் எழுதி வைத்திருக்கிறேன்.

அதில் 2011-ஆம் ஆண்டுப் பக்கங்களைப் புரட்டினால், 7 இருந்த இடத்தில் திடீரென்று 5 வரும். அப்போது ஓர் ஒர்க்‌ஷாப்பில் எஞ்சினைப் பிரித்து வேலை செய்ய வேண்டும் என்றார்கள். சொன்ன தொகையைக் கேட்டு நானும் அம்மாவும் இரண்டு நாள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. பிறகு இங்கே கணபதி பகுதியில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் பானெட்டைத் திறக்கவே இல்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "அவிநாசி ரோட்டில் ஓட்டுங்கள்" என்றார். வழி முழுக்க அவர் கண் டெம்பரேச்சர் முள்ளின் மேலேயே இருந்தது. 10 கிலோமீட்டர் போன பிறகும் முள் 60-ஐத் தாண்டவில்லை. எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்து வைக்கும் வால்வான தெர்மோஸ்டாட், மூடாமல் திறந்தே நின்றுவிட்டது. தண்ணீர் ஓயாமல் ரேடியேட்டருக்குப் போய்க் குளிர்ந்து திரும்புகிறது. எஞ்சின் இன்னும் சூடேறவில்லை என்று நினைத்து வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாகவே கொடுத்துக்கொண்டிருக்கிறது. கழற்றியதை என் உள்ளங்கையில் வைத்தார். எலுமிச்சம்பழ அளவுதான் இருக்கும். ஸ்பிரிங்கைச் சுற்றிலும் மஞ்சள் களிம்பு. மாற்றிய மறுவாரம் நோட்டில் மறுபடியும் 7 எழுதினேன்.

ஆகவே முதலில் அந்த முள்ளைக் கவனி. காலையில் கிளப்பி 10, 15 நிமிடம் ஓட்டினால் 80-ஐத் தொட வேண்டும். அது சரியாக இருந்தால், ஓட்டி நிறுத்தியதும் நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பார். தொட்டுவிடாதே, சுட்டுவிடும். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் காலிப்பர், அதாவது சக்கரத்தின் தட்டைக் கவ்வி நிறுத்தும் பாகம், பிடித்துக்கொண்டு விடாமல் இருக்கிறது என்று அர்த்தம். நாள் கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டிக்கு இது வரும். நீ சனி, ஞாயிறு மட்டும் எடுப்பதால் எனக்கு இதன் மேலும் சந்தேகம்.

இன்னொன்று, நீ எப்படிக் கணக்குப் போட்டாய்? 500 ரூபாய்க்குப் போட்டு முள் இறங்குவதைப் பார்த்துச் சொன்னால் அது கணக்கே இல்லை. நாஸில் தானாக நிற்கும்வரை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொள். அடுத்த முறையும் அதே பங்க்கில் அதே மாதிரி நிரப்பி, ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுத்துக்கொள்.

இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. அதனால் மைலேஜ் 100-க்கு 6, 7 குறைவதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். மைலேஜை விட எனக்குக் கவலை அந்த வண்டியின் பழைய ரப்பர் குழாய்கள்தான். எத்தனால் அவற்றை ஊறவைத்து விரிசல் விடச் செய்யும். பெட்ரோல் குழாய்கள் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகையாக இந்த மாதமே மாற்றிவிடு. செலவை நான் தருகிறேன். உள்ளே லேசாகப் பெட்ரோல் வாசனை வந்தாலும் அன்றைக்கு வண்டியை எடுக்காதே. இதை மட்டும் அப்பா சொன்னதற்காகவாவது கேள்.

ஆயில் 7,500 கிலோமீட்டருக்கு ஒரு முறை. அவ்வளவு ஓடாவிட்டாலும் வருடம் ஒரு முறை. ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் வேண்டாம், கூலன்ட்தான். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். நம்முடையதில் 19 என்று முடியும். பட்டன் தேயவில்லை என்று பார்க்காதே, ரப்பருக்கு வயதாகிவிட்டது. 195/65 ஆர்15 அளவு எந்தக் கடையிலும் கிடைக்கும்.

ஊட்டியிலிருந்து இறங்கும்போதெல்லாம் அந்தப் பின் சீட்டில் நீ முழு நீளத்துக்குப் படுத்துத் தூங்குவாய். மழையில் அந்த ஒற்றை வைப்பர் கண்ணாடியின் மூலைவரை எட்டித் துடைத்துவிட்டுத் திரும்பும். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே 30-க்கு மேல் போகாமல் இறக்குவேன். அதனால்தான் அதை உனக்குக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு காலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, முள் எங்கே நின்றது என்று போன் செய். தெர்மோஸ்டாட்தான் என்றால் இங்கேயே வாங்கி அன்றைக்கே பார்சலில் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா