காது திறக்காமல் ஆழம் இல்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களாக வாட்ஸ்அப்பில் சுற்றும் குரல் பதிவு உங்களில் பலருக்கும் வந்திருக்கும். மூச்சடக்கி மூழ்கக் கற்றுத்தருவதாகப் பணம் வாங்கிவிட்டு, அறையில் உட்காரவைத்து மூக்கால் பலூன் ஊதவிட்டோம், படகில் போன பிறகும் ஐந்து மீட்டரில் நிறுத்திவிட்டோம் என்பது அதன் சாரம். பேசியவரின் ஏமாற்றம் எங்களுக்கும் வருத்தம்தான். ஆனால் ஏன் நிறுத்தினோம் என்பது அந்தப் பதிவில் இல்லை.

புதுச்சேரிக் கடலில் எங்களோடு இறங்கியவர்களுக்கு இது தெரிந்த விஷயம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்காகி, நடுக்காதின் காற்று பாதியாகச் சுருங்கப் பார்க்கும். அந்தப் பாதி மறுபடி பாதியாகச் சுருங்க 30 மீட்டர் வரை போக வேண்டும். ஆக, காதுக்குக் கடினமான இடம் அடியாழம் அல்ல, முதல் 10 மீட்டர். நடுக்காதையும் மூக்கின் பின்புறத்தையும் இணைக்கும் குழல் இயல்பாக மூடியிருக்கும். அதைத் திறந்து காற்றை ஏற்றுவதைத்தான் ஈக்வலைஸ் என்கிறோம். ஒன்றரை மீட்டர் தாமதித்தாலே அழுத்த வேறுபாடு குழலின் வாயை இறுக்கிப் பூட்டிவிடலாம். பிறகு எவ்வளவு ஊதினாலும் திறக்காது. ஒரு மீட்டராவது மேலேறித்தான் மறுபடி முயல வேண்டும். வலி தெரிந்த பிறகு ஊதுகிறவர் ஏற்கெனவே தாமதித்துவிட்டார்.

பதிவில் பேசியவர் "எனக்குத்தான் காது திறக்கிறதே" என்கிறார். திறந்தது உண்மை. அது வல்சால்வா: மூக்கைப் பிடித்து நெஞ்சிலிருந்து ஊதுவது. விமானத்தில் அது போதும். சிலிண்டரோடு கால் கீழாக இறங்குகிறவருக்கும் பெரும்பாலும் போதும், அவர் நுரையீரல் சுருங்குவதில்லை. தலைகீழாக, ஒரே மூச்சில் இறங்குகிறவருக்கு நெஞ்சுக் காற்று ஒவ்வொரு மீட்டருக்கும் சுருங்கும். அதை மேல்நோக்கித் தள்ளவே முடியாத ஆழம் விரைவில் வரும். அங்கே முக்கி ஊதினால் உள்காதின் மெல்லிய சவ்வு கிழியலாம். அதனால் வரும் காதிரைச்சலும் கேட்புக் குறைவும் சிலருக்கு நிரந்தரமாகிவிடும். செவிப்பறை கிழிந்து குளிர்ந்த நீர் உள்ளே போனால் தலை சுற்றி, மேல் எது கீழ் எது என்றே தெரியாது. மூச்சடக்கிய நிலையில் அது உயிருக்கே ஆபத்து. இதற்காகத்தான் கயிற்றைப் பிடித்து நிறுத்துகிறோம்.

எங்களுக்கு வேண்டியது ஃப்ரென்சல் முறை: நெஞ்சால் அல்ல, நாக்கால் காற்றைத் தள்ளுவது. கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல் வாய் திறந்து ஊதி, வாயை மூடாமலே சட்டென்று நிறுத்துங்கள். மூடியது உங்கள் தொண்டை. அடுத்தது மேலண்ணத்தின் பின்பகுதி. 'க்' என்று நிறுத்தும்போது அது உயர்ந்து மூக்கு வழியை அடைக்கும், 'ங்' என்னும்போது தாழ்ந்து திறக்கும். மாற்றி மாற்றிச் சொன்னால் அசைவு பிடிபடும். இனி வாயில் கொஞ்சம் காற்றோடு தொண்டையை மூடி, நாக்கு நுனியை 'த்' சொல்லும் இடத்தில் பதித்து, அண்ணத்தைத் தளரவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு நாக்கின் பின்பகுதியைப் பிஸ்டன்போல் மேல்நோக்கித் தள்ளுங்கள். பிடித்த மூக்கு புடைக்கும், குரல்வளை மேலே துள்ளும். மறுகையை வயிற்றில் வையுங்கள்: வயிறு அசைந்தால் அது இன்னும் வல்சால்வாதான். பலூனும் இதற்கே. ஒரு மூக்குத் துளையை மூடி, மறு துளையால், வயிறு அசையாமல், நாக்கின் சிறு சிறு தள்ளல்களால் அது பெருக வேண்டும். சிலருக்கு அரை மணி நேரத்தில் வரும், சிலருக்கு வாரங்கள் ஆகும். இதில் திறமைக் குறைவு என்று எதுவும் இல்லை.

கடலில் முதலில் கால் கீழாகக் கயிற்றைப் பிடித்து இறங்குவதும் காரணத்தோடுதான். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் கல்லில் கால் வைத்து அப்படித்தான் இறங்கினார்கள். தலை மேலிருந்தால் குழல் எளிதில் திறக்கும். நீர்மட்டத்திலேயே ஒருமுறை, பிறகு அரை மீட்டருக்கு ஒருமுறை ஈக்வலைஸ் செய்யுங்கள். தலைகீழாக மாறிய பின் மோவாயை உள்ளிழுத்து, கண்ணெதிரே உள்ள கயிற்றை மட்டும் பாருங்கள். கயிற்றின் அடியில் உள்ள தட்டைத் தேடிக் கழுத்தை நிமிர்த்தினால் அந்த நொடியே காது அடைக்கும். மாஸ்க்குக்குள்ளும் மூக்கால் கொஞ்சம் காற்று விட வேண்டும். மூக்கு அடங்காத நீச்சல் கண்ணாடியில் அது முடியாது என்பதால் அதோடு இறக்குவதில்லை. காதடைப்பான் கூடவே கூடாது.

சளி இருந்தால் வராதீர்கள். மூக்கடைப்பு மருந்து போட்டுக்கொண்டும் வேண்டாம்: அதன் வேகம் நீருக்குள் தணிந்தால், மேலேறும்போது நடுக்காதின் காற்று வெளியேற வழியிருக்காது.

அந்தப் பதிவைக் கேட்டு எங்களுக்காகப் பேசிய பழைய மாணவர்களுக்கும், அக்கா தம்பிகளைப் பயிற்சிக்கு அனுப்பிவைத்தவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் நம்பிக்கையால்தான் இந்தக் கடுமையை எங்களால் விடாமல் பிடித்திருக்க முடிகிறது. அறைப் பயிற்சிக்கு இனி நேர வரம்பு இல்லை; ஃப்ரென்சல் வரும்வரை கூடுதல் கட்டணமின்றி எத்தனை முறையும் வரலாம். டீசல் விலையால் இரண்டாம் கடல் நாள் மட்டும் இந்தப் பருவத்திலிருந்து தனிக் கட்டணத்தில் வரும், விவரம் ரசீதில் உண்டு.

கடல் நாளுக்கு முந்தைய மாலை, மூக்கைப் பிடித்து இரண்டு காதும் திறக்கிறதா என்று பாருங்கள். ஒன்று தயங்கினாலும் இரவு எட்டு மணிக்குள் சொல்லிவிடுங்கள், வேறு நாள் தருகிறோம்.

அன்புடன்,
பயிற்சிக் குழுவினர்