ஸ்பேனரை அடித்தவர் யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

கோவை கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். என்னிடம் வேலை பழகும் பையன்கள் சொந்தமாக ஸ்பேனர் செட் வாங்கும்போது, "எந்த பிராண்ட் வாங்கலாம்ணா?" என்று கேட்பார்கள். பிராண்டைச் சொல்லிவிடலாம். அதை அடித்தது, அதாவது செய்தது யார் என்று கேட்டால் கடைக்காரருக்கே தெரிவதில்லை.

ஜலந்தர், லூதியானா, நாகௌர் என்று கைக்கருவி செய்யும் ஊர்கள் வடக்கே இருக்கின்றன. அங்கே ஒரே தொழிற்சாலை பல பிராண்டுகளுக்குச் செய்து கொடுக்கும், பொறிக்கிற பெயர் மட்டும் மாறும். அதில் தவறு எதுவும் இல்லை. அமெரிக்காவில் சியர்ஸ் நிறுவனம் 1927 முதல் கிராஃப்ட்ஸ்மேன் என்ற பெயரில் கருவிகள் விற்றது. செய்து கொடுத்தவர்கள் வேறு கம்பெனிகள். ஆனால் அவற்றில் ஒன்றான வெஸ்டர்ன் ஃபோர்ஜ் செய்த திருப்புளியில் 'டபிள்யூ.எஃப்.' என்ற எழுத்துகள் இருக்கும், விவரம் தெரிந்தவர் பார்த்ததுமே சொல்லிவிடுவார்.

இங்கே 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி தயாரிப்பாளர் பெயரும் முகவரியும் பெட்டியில் இருக்க வேண்டும். ஆனால் கடைகளில் ஸ்பேனரைப் பெட்டியிலிருந்து எடுத்து ஆணியில் மாட்டிவிடுகிறார்கள். அத்தோடு முகவரியும் போயிற்று.

'குரோம் வனேடியம்' (உறுதியான கலப்பு எஃகு) என்று யார் வேண்டுமானாலும் பொறித்துவிடலாம். பளபளக்கும் பூச்சுக்கு அடியில் ஹார்டனிங், அதாவது இரும்பைச் சூடாக்கிக் குளிரவைத்துக் கடினமாக்குவது, சரியாக இருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது. சரியில்லாத ஸ்பேனரின் வாய் விரிந்துவிடும், நட்டின் முனை மழுங்கும். துருப்பிடித்த போல்ட்டில் முழு பலத்தோடு இழுக்கும்போது வழுக்கினால் கை நேராக மோட்டார் பாடியில் போய் இடிக்கும். என் பட்டறைப் பையன் ஒருவனுக்கு அப்படித்தான் விரல் கிழிந்து தையல் போட்டோம். கடையில் போய்க் கேட்டேன். "கம்பெனியைக் கேளுங்க" என்றார்கள். எந்தக் கம்பெனியை?

ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் ஒரு வழி உண்டு. முத்திரைக்கு மேலே ஐ.எஸ். எண் (அந்தப் பொருளுக்கான இந்தியத் தர எண்) இருக்கும், கட்டிங் பிளேயருக்கு அது 3650. கீழே 'சி.எம்/எல்' என்று தொடங்கும் உரிம எண். அதை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டால் உரிமம் வாங்கிய தொழிற்சாலையின் பெயரும் முகவரியும் வந்துவிடும். பல மெக்கானிக்குகளுக்கு இது தெரியாது. ஐ.டி.ஐ. ஃபிட்டர் வகுப்பில் முதல் வாரமே சொல்லித்தர வேண்டிய விஷயம்.

ஒரே தொழிற்சாலை என்பதற்காக எல்லாம் ஒரே தரம் என்றும் சொல்ல முடியாது. கொடுக்கிற விலைக்கேற்ப இரும்பும் பதமும் மாறும். ஆனாலும் உடைந்தால் போய்க் கேட்க ஒரு முகவரி வேண்டாமா? பிராண்ட் பெயரைப் போலவே தயாரிப்பாளரின் குறியீட்டையும் கருவியின் இரும்பிலேயே பொறிக்க மத்திய அரசு விதி கொண்டுவர வேண்டும். அதுவரை, ஹார்டுவேர்ஸ் கடைகளில் பெட்டியில்லாமல் விற்கும் கருவிகளைத் தொழிலாளர் துறை அதிகாரிகள் ஆய்வு செய்ய வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பட்டறைக்காரர் ஒருவர்,
கணபதி, கோவை - 6